ஒரு சோறு பதம் சொல்லாத மூட்டை: 2004 கென்ய மக்காச்சோள நச்சு நிகழ்வும் கையடக்க ஆய்வுக் கருவிகளும்

2004ஆம் ஆண்டு மே மாதம், கென்யாவின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்களில் மஞ்சள் காமாலை கண்டவர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்ததை அடுத்து, அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்ளிட்ட அமைப்புகளின் துணையுடன் விசாரணையில் இறங்கியது. ஒரு பகுதியில் கூட்டமாகக் காமாலை வந்தால் மருத்துவர்கள் முதலில் ஐயுறுவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களைத்தான். ஆனால் நோய் கண்ட பகுதியிலிருந்து எடுத்துவரப்பட்ட மக்காச்சோளத்தைச் சோதித்தபோது, அதில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு கிலோவுக்கு 4,400 மைக்ரோகிராம் வரை இருப்பது தெரிந்தது. கென்யா அன்று உணவுக்கு வைத்திருந்த வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். கண்ட அளவு அதைப்போல 220 மடங்கு. ஜூலை 20 வரையிலான கணக்கில் நோய் கண்டவர்கள் 317 பேர், இறந்தவர்கள் 125 பேர். நூற்றுக்கு 39 பேர் பிழைக்கவில்லை.

உணவிலும் பானத்திலும் உள்ள நச்சைக் கைக்குள் அடங்கும் சிறு கருவியால் கண்டறிவது பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. அக்கருவிகளால் எது முடியும், எது முடியாது என்பதை எடைபோட இந்தக் கென்ய நிகழ்வைவிடத் தகுந்த உரைகல் எனக்குத் தெரிந்தவரை இல்லை. நச்சு எது என்பது தெரியும். எந்த உணவில் இருந்தது என்பதும் தெரியும். வீட்டளவிலும் சந்தையளவிலும் அளந்த எண்கள் பதிவாகியுள்ளன. ஆகவே, அன்று அந்தக் கிராமங்களில் ஒரு கையடக்கக் கருவி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வியை ஊகத்தால் அல்லாமல் எண்களைக் கொண்டே ஆராய முடியும்.

நச்சும் அது வந்த வழியும்

அஃப்ளாடாக்சினை உண்டாக்குபவை ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் ஆகிய பூஞ்சைகள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் மடிந்ததும், பிரேசிலிலிருந்து தருவிக்கப்பட்ட கடலைப் புண்ணாக்குத் தீவனமே அதற்குக் காரணம் எனக் கண்டதும்தான் இந்த நச்சு அறிவியலுக்கு அறிமுகமான வரலாறு. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி வகை, பச்சையாக ஒளிர்பவை ஜி வகை. இவற்றுள் பி1 மிகக் கொடியது. சிறு அளவில் நெடுங்காலம் உண்டால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். பேரளவில் சில நாட்களோ வாரங்களோ உண்டால் கல்லீரலே செயலிழந்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது என்பது இதன் இன்னொரு கொடுமை. கென்யர்களின் அன்றாட உணவான உகாலி மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யப்படும் களி. அடுப்பின் சூடு பூஞ்சையைக் கொல்லுமே தவிர, அது விட்டுச்சென்ற நச்சைத் தொடுவதில்லை.

2004 பிப்ரவரியில் அறுவடை நடந்த சமயத்தில் பருவம் தவறிய மழை பெய்தது. உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கதிர் களவு போகும் என்ற அச்சமும் இருந்ததால், மக்கள் ஈரம் காயாத மக்காச்சோளத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய காற்றோட்டமுள்ள களஞ்சியத்தில் சேர்க்காமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டனர். சூடும் ஈரமும் புழுக்கமும் ஓரிடத்தில் கூடின. பூஞ்சைக்கு வேண்டியதும் அவைதாம். பின்னர் நடந்த ஆய்வில், அந்த ஆண்டின் மக்காச்சோளத்தில் மிகுந்திருந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸின் எஸ் வகை என்று தெரியவந்தது. மற்ற வகைகளைக் காட்டிலும் பன்மடங்கு நச்சைச் சுரக்கும் வகை அது.

இது முதல்முறை அல்ல. 1981இல் இதே வட்டாரத்து மச்சாக்கோஸ் மாவட்டத்தில் 20 பேர் இதே நச்சால் மருத்துவமனையில் சேர்ந்து, 12 பேர் இறந்திருந்தனர். அதற்கும் முன்னால், 1974இன் பிற்பகுதியில், இந்தியாவில் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும் பழங்குடி மக்களிடையே 397 பேர் நோயுற்று 106 பேர் மாண்ட நிகழ்வை ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆராய்ந்து பதிவு செய்தது. அங்கும் உணவு மக்காச்சோளம். அங்கும் பருவம் தவறிய மழை. அங்கும் மனிதர்களோடு அதே உணவைத் தின்ற நாய்கள் செத்தன. முப்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு கண்டங்களில் நடந்தவற்றின் விவரங்கள் வரிக்கு வரி ஒத்துப்போவதைப் படிக்கையில் மனம் கனக்கிறது; இரண்டு இடங்களிலும் மூட்டையில் என்ன இருந்தது என்பது மனிதர்கள் இறந்த பிறகுதான் அளக்கப்பட்டது.

விசாரணையில் கிடைத்த எண்கள்

நோயுற்ற 40 பேரையும், அதே பகுதியில் நோயுறாத 80 பேரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. நோயுற்றவர்களின் வீட்டு மக்காச்சோளத்தில் இருந்த அஃப்ளாடாக்சினின் பெருக்கல் சராசரி (ஓரிரு மிகப் பெரிய எண்களால் மேலே இழுபடாத சராசரி) கிலோவுக்கு சுமார் 355 மைக்ரோகிராம். நோயுறாதவர்கள் வீட்டில் சுமார் 44. அவர்களுடைய இரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டியிருந்த நச்சின் அளவும் ஏறத்தாழ எட்டு மடங்கு வேறுபட்டது. ஈரமாகச் சேமித்ததும், களஞ்சியத்தை விட்டு வீட்டுக்குள் சேமித்ததும் நோயோடு தெளிவாகத் தொடர்புற்றிருந்தன. நோயுற்றவர்களிடையே ஹெபடைடிஸ் பி தொற்றும் மிகுந்திருந்தது. முன்பே நலிந்த கல்லீரலை நச்சு எளிதில் வீழ்த்தியது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த இரண்டு எண்களில் பலரும் முதல் எண்ணையே எடுத்துச் சொல்வார்கள். நான் இரண்டாவது எண்ணில் நின்று யோசிக்க வேண்டும் என்று கருதுகிறேன். நோயுறாதவர் வீட்டில் இருந்த 44 மைக்ரோகிராமும் சட்ட வரம்பைப்போல இரு மடங்குக்கு மேல். அதாவது, 20 மைக்ரோகிராமில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் ஒரு சோதனைப் பட்டையை அந்த ஊர்களில் வீடு வீடாகக் கொண்டுபோயிருந்தால், நோயுற்றவர் வீட்டிலும் நோயுறாதவர் வீட்டிலும் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் அது காட்டியிருக்கும்.

சந்தை ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 65 சந்தைகளில் 243 வியாபாரிகளிடமிருந்து 350 மக்காச்சோளப் பொருள்கள் சேகரிக்கப்பட்டன. அவற்றில் 55 சதவீதம் 20 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டின. 35 சதவீதம் 100 மைக்ரோகிராமைத் தாண்டின. 7 சதவீதம் 1,000 மைக்ரோகிராமைத் தாண்டின. அந்தப் பகுதிப் பண்ணைகளில் விளைந்தது, பிற பகுதிகளிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்ததைவிட வரம்பு மீறியிருக்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. வீட்டில் விளைந்தது தீர்ந்தவுடன் உழவர்கள் சந்தையில் வாங்குகிறார்கள். சந்தைக்கு வந்ததும் பக்கத்து உழவரின் வீட்டில் புழுங்கிய அதே மக்காச்சோளம்தான். பசி நிலவும் ஒரு வட்டாரத்தில், சந்தைக்கு வரும் உணவில் பாதிக்கு மேல் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டு ஒரு கருவி தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிட முடியாது. அன்று உடனடியாகத் தேவைப்பட்டது, அந்த 55இலிருந்து 7ஐப் பிரித்துக் காட்டும் அளவீடு: முதலில் எந்த வீட்டு மூட்டையை அப்புறப்படுத்தி மாற்று உணவு தரவேண்டும் என்று சொல்லும் அளவீடு. ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மக்காச்சோளம் உண்கிறார் என்று கொண்டால், 44 மைக்ரோகிராம் உள்ள வீட்டில் அவர் உடலுக்குள் போவது சுமார் 18 மைக்ரோகிராம். 355 உள்ள வீட்டில் சுமார் 142. 4,400 உள்ள வீட்டில் 1,760. முதலாவது நெடுநாள் தீங்கு, கடைசியானது அந்த வாரத்துச் சாவு.

கருவிக்குள் நடப்பது

அஃப்ளாடாக்சினை அளக்கும் செம்மையான முறை உயர் அழுத்த நீர்ம நிறப்பிரிகை எனப்படும் ஆய்வுக்கூட முறை. விலை மிகுந்த கருவி, தூய கரைப்பான்கள், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற வேதியியலர் ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். மக்குவேனியின் செம்மண் பாதையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆய்வுக்கூடத்தின் வேலைகள் அனைத்தையும் ஒரு சிறு வில்லைக்குள் சுருக்கிவிடலாம் என்ற கருத்தை 1990இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆந்திரேயாஸ் மான்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்தனர். மாதிரியைக் கரைப்பது, தூய்மையாக்குவது, வினைபுரிய வைப்பது, அளப்பது என்ற நான்கு படிகளும் மயிரிழை போன்ற கால்வாய்களில் சில மைக்ரோலிட்டர் திரவத்திலேயே நடந்துவிடும் என்பது அதன் சாரம். 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்றாகக் காகிதத்திலேயே அந்தக் கால்வாய்களை அமைத்தனர். காகிதம் திரவத்தைத் தானே உறிஞ்சி இழுப்பதால் பம்பு தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை.

ஆயினும் களத்தில் இன்றுவரை பெரும்பங்கு வேலையைச் செய்வது இவற்றைவிட எளிய உறவினரான சோதனைப் பட்டைதான். கருவுற்றதை வீட்டிலேயே அறிய உதவும் பட்டையைப் பலரும் பார்த்திருப்பார்கள். அமைப்பு அதேதான், ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கருவுறும்போது சுரக்கும் ஹார்மோன் பெரிய மூலக்கூறு. அதை இரண்டு ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) இருபுறமும் பிடித்துக்கொள்ள முடியும், ஆகவே ஹார்மோன் இருந்தால் கோடு தோன்றும். அஃப்ளாடாக்சின் பி1இன் மூலக்கூறு எடையோ வெறும் 312. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க அதில் இடமில்லை. ஆகவே போட்டி முறை கையாளப்படுகிறது. பட்டையின் சோதனைக் கோட்டில் அஃப்ளாடாக்சினை முன்கூட்டியே ஒரு புரதத்தோடு ஒட்டி வைத்திருப்பார்கள். தங்க நுண்துகள் பூசிய ஆன்டிபாடிகள் மாதிரித் திரவத்தோடு சேர்ந்து பட்டையில் ஊர்ந்து வரும். மாதிரியில் நச்சு இல்லாவிட்டால் அவை அனைத்தும் கோட்டில் உள்ள நச்சைப் பற்றிக்கொண்டு சிவப்பாகத் தெரியும். மாதிரியில் நச்சு இருந்தால் வழியிலேயே அவற்றின் கைகள் நிரம்பிவிடும், கோடு மங்கும் அல்லது மறைந்துவிடும். கோடு மறைந்தால் ஆபத்து என்ற இந்தத் தலைகீழ் விதியைப் புதிதாகப் பயன்படுத்துவோர் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு என்பதால், பயிற்சியில் முதலில் அழுத்திச் சொல்லவேண்டியது இதுவே.

கோட்டின் சிவப்பு எவ்வளவு மங்கியது என்பதைச் சிறு ஒளிமானியோ கைபேசியின் கேமராவோ எண்ணாக மாற்றித் தருகிறது. பட்டை அளவுகாட்டும் கருவியாக மாறுவது இந்த இடத்தில்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கோடு முற்றிலும் மறைந்த பிறகு 400 என்றோ 4,000 என்றோ பட்டையால் வேறுபடுத்திச் சொல்ல முடியாது. ஆன்டிபாடிகளின் கைகள் இரண்டு நிலையிலும் நிரம்பித்தான் இருக்கும். கரைசலைப் பத்து மடங்கோ நூறு மடங்கோ நீர்த்து மறுபடியும் சோதிக்க வேண்டும். ஒரே மாதிரியை மூன்று நீர்ப்புகளில் மூன்று பட்டைகளில் ஓட்டினால் 20, 200, 2,000 என்ற மூன்று படிகள் கிடைக்கும். 2004 போன்ற ஒரு நெருக்கடியில் விலை உயர்ந்த ஒற்றைக் கருவியைக் காட்டிலும் இந்த மூன்று பட்டை முறையே பயன்பட்டிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மூட்டைக்கும் துளிக்கும் இடையே

இனி, கருவியைப் பற்றிய விளம்பரங்களில் இடம்பெறாத பகுதிக்கு வருகிறேன். கென்யாவில் மக்காச்சோள மூட்டை ஒன்று 90 கிலோ. பட்டைச் சோதனையின் செய்முறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்: 50 கிராம் மாவை 250 மில்லிலிட்டர் கரைப்பானில் கலக்கி, தெளிந்த திரவத்திலிருந்து 100 மைக்ரோலிட்டரைப் பட்டையில் விடுகிறோம். அந்தத் துளி பிரதிநிதியாக நிற்பது 20 மில்லிகிராம் மாவுக்கு. ஒரு மக்காச்சோள மணியின் எடையில் அது பதினைந்தில் ஒரு பங்கு. மூட்டையோடு ஒப்பிட்டால் 45 லட்சத்தில் ஒரு பங்கு. கருவி சிறுக்கச் சிறுக்க இந்த இடைவெளி பெருகுகிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. பானைக்குள் எல்லா அரிசிக்கும் ஒரே நீர், ஒரே தீ என்பதால் அந்த ஒரு சோறு உண்மை பேசுகிறது. மக்காச்சோள மூட்டை அப்படிப்பட்டதன்று. பூஞ்சை ஒவ்வொரு மணியாகப் பற்றுகிறது. பற்றிய மணியில் நச்சு மலையாகக் குவிகிறது, பக்கத்து மணியில் ஒன்றுமே இருக்காது. ஒரே ஒரு மக்காச்சோள மணியில் கிலோவுக்கு 4,00,000 மைக்ரோகிராம் என்ற அடர்த்தி வரை அளந்திருக்கிறார்கள். நிலக்கடலைப் பருப்பில் 10 லட்சத்தையும் தாண்டியிருக்கிறது.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். மணி ஒன்றின் எடை 0.3 கிராம் என்றால் அப்படிப்பட்ட கெட்ட மணி ஒன்றில் 120 மைக்ரோகிராம் நச்சு இருக்கும். 90 கிலோ மூட்டையின் சராசரி 20 மைக்ரோகிராம் வரம்பைத் தொட, மொத்தம் 1,800 மைக்ரோகிராம் போதும். அதாவது மூன்று லட்சம் மணிகளுக்கு நடுவே வெறும் 15 கெட்ட மணிகள். இப்போது அந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி, 100 கிராம், சுமார் 333 மணிகள் எடுக்கிறோம். அதில் ஒரு கெட்ட மணியாவது அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ அறுபதில் ஒன்று. அறுபது பேர் அறுபது கைப்பிடி எடுத்துச் சோதித்தால், ஏறக்குறைய 59 பேருக்கு ‘நச்சே இல்லை’ என்று வரும். எஞ்சிய ஒருவருக்கு 1,200 மைக்ரோகிராம் என்று வரும். உண்மையான சராசரியான 20 யாருக்குமே கிடைக்காது. அறுபது கருவிகளும் பழுதின்றி வேலை செய்தும் அறுபது விடைகளும் தவறு. நச்சு முழுவதும் ஒரே அளவு கெட்ட மணிகளில் மட்டும் இருப்பதாகக் கொண்ட எளிமைப்படுத்திய கணக்குதான் இது. இயல்பில் பாதி கெட்டவையும் சிறிது கெட்டவையும் கலந்தே இருக்கும். ஆனாலும் திசை மாறாது. அமெரிக்க வேளாண் துறையில் தாமஸ் விட்டேக்கர் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகள், மக்காச்சோளச் சோதனையில் நேரும் மாறுபாட்டில் முக்கால் பங்கு அளவுக்கு மூட்டையிலிருந்து மாதிரி எடுக்கும் படியிலேயே ஏற்படுகிறது என்றும், அரைத்து அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரிப்பதில் அடுத்த பங்கு ஏற்படுகிறது என்றும், வேதியியல் அளவீட்டின் பங்கு மிகச் சிறிது என்றும் காட்டின. எந்தப் படியில் பிழை மிகக் குறைவோ அந்தப் படியைத்தான் நாம் சில்லுகளாகவும் பட்டைகளாகவும் மேலும் மேலும் செம்மைப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கையடக்கக் கருவியோடு சேர்ந்து போகவேண்டியவை வேறு இரண்டு. ஒன்று குத்தூசி: மூட்டையின் மேல், நடு, அடி, ஓரம் எனப் பல இடங்களில் குத்தி எடுத்து ஒன்றாகக் கொட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் பெரிய தானியக் குவியலொன்றுக்கு நூறு இடங்களில் எடுத்துச் சேர்த்த 10 கிலோ மாதிரியைக் கேட்பது இதனால்தான். மற்றொன்று அரைவை: எடுத்தது முழுவதையும் நைசாக அரைத்துக் கலக்கிய பிறகே அதிலிருந்து 50 கிராமைப் பிரிக்கவேண்டும். கெட்ட மணியை மாவாக்கி எல்லா இடத்துக்கும் பரப்பிவிட்டால்தான் ஒரு சோறு பதமாகும். உலக உணவுத் திட்டம் சிறு உழவர்களிடம் தானியம் வாங்கும்போது பயன்படுத்திய ‘நீலப் பெட்டி’ என்ற நடமாடும் ஆய்வுக்கூடத்தில் நச்சுச் சோதனைப் பட்டையோடு குத்தூசி, சல்லடை, ஈரமானி ஆகியவற்றையும் சேர்த்தே வைத்திருந்தனர். கருவியை மட்டும் அனுப்பாமல் வேலையை முழுதாக அனுப்பிய அந்தச் சிந்தனையை நான் மதிக்கிறேன்.

ஈரமானியைப் பற்றி ஒரு சொல். மக்காச்சோளத்தின் ஈரம் 13.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சேமிப்பில் பூஞ்சை வளர்வது ஏறத்தாழ நின்றுவிடும். ஈரமானி இல்லாத வீட்டில் ஆப்பிரிக்க உழவர்கள் கையாளும் ஒரு முறை உண்டு: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் காய்ந்த உப்பையும் ஒரு கை தானியத்தையும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வைத்தால், தானியம் ஈரமாக இருக்கும்போது உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இது நச்சை அளக்காது; நச்சு உண்டாவதற்கு முன்பே எச்சரிக்கும். 2004 பிப்ரவரியில், அதாவது விசாரணை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, மழையில் நனைந்த கதிர்களை வீட்டுக்குள் அடுக்கிய அந்த நாட்களில், மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய சோதனை இதுவே.

பானம்: அதே நச்சு, வேறு கணக்கு

மாதிரி எடுப்பதே சிக்கலின் வேர் என்பதற்குப் பால் நல்ல எதிர்ச்சான்று. மாடு அஃப்ளாடாக்சின் கலந்த தீவனத்தைத் தின்றால், அதன் உடல் பி1ஐ எம்1 என்ற வடிவத்துக்கு மாற்றி, தின்றதில் ஓரிரு சதவீதத்தைப் பாலில் வெளியேற்றுகிறது. காய்ச்சினாலும் அது போவதில்லை. ஆனால் பால் திரவம். கேனை ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட்டால் எந்தத் துளியும் முழுக் கேனுக்கும் சாட்சி. அரைவை வேண்டாம், குத்தூசி வேண்டாம், கரைப்பான்கூடப் பெரும்பாலும் வேண்டாம். மூட்டையிடம் தோற்கும் அதே சிறு பட்டை கேனிடம் வெல்கிறது. அங்கே தேவைப்படுவது நுண்மை: இந்தியாவில் பாலுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 0.05. கால்வாய்ச் சில்லுகளும், நச்சின் அளவை மின்குறியாக மாற்றிக் காட்டும் மின்வேதி உணரிகளும் தங்கள் திறமையைக் காட்டவேண்டிய இடம் தானியக் கிடங்கைவிடப் பால் கொள்முதல் நிலையம் என்று நான் எண்ணுவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நடத்தி 2019 அக்டோபரில் வெளியிட்ட நாடளாவிய பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 368 மாதிரிகள் எம்1 வரம்பை மீறியிருந்தன. அவற்றுள் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. தண்ணீர் கலப்பது போல யாரோ பாலில் சேர்த்த கலப்படம் அன்று இது. கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் சரியாகக் காயாமல் பூசணம் பிடித்துத் தொட்டிக்கு வந்ததன் விளைவு. கறப்பவரைக் குற்றம் சாட்டுவதில் பயனில்லை. கூட்டுப்பாலில் வரம்பு மீறினால், அங்கிருந்து பின்னோக்கிப் போய் எந்த ஊர்ப் பால், எந்தத் தீவனம் என்று கண்டறியச் சிறு கருவி உதவும். ஆனால் திருத்தம் தீவனக் கிடங்கில்தான் நடக்கவேண்டும்.

2004க்குப் பிறகு

கென்யா தன் வரம்பைக் கிலோவுக்கு 20இலிருந்து 10 மைக்ரோகிராமாக இறுக்கியது. நச்சு சுரக்காத உள்ளூர் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகளை வயலில் தூவி, நச்சு வகைகளுக்கு இடமில்லாமல் செய்யும் அஃப்ளாசேஃப் என்ற உயிரியல் முறை அந்நாட்டுக்கென உருவாக்கப்பட்டது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் தலைமையகம் கொண்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம், 15 நிமிடத்துக்குள் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் அளவிலேயே நச்சைக் காட்டும், இரண்டு டாலருக்கும் குறைந்த செலவிலான பட்டையை 2016இல் அறிவித்தது. ஆப்பிரிக்க நிலக்கடலை உழவர்களை மனத்தில் கொண்டு ஆக்கப்பட்டது அது.

இவை எல்லாவற்றிலும் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது மாவு மில்களில் நடந்த வேலை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் கென்ய மில் உரிமையாளர்களோடு சேர்ந்து நடத்திய திட்டத்தில், மில்லின் பணியாளர்களே பட்டைச் சோதனை செய்யப் பயிற்சி பெற்றனர். அவர்கள் தரும் எண்கள் சரியா என்பது வெளி ஆய்வுக்கூடத்தின் மூலம் அவ்வப்போது சரிபார்க்கப்பட்டது. மில் என்ற இடத்தின் சிறப்பு எளிமையானது: அங்கே மக்காச்சோளம் எப்படியும் அரைபடுகிறது, எப்படியும் கலக்கிறது. மாதிரிக்காகத் தனியே செய்யவேண்டிய அரைவை, அன்றாட வேலையிலேயே முடிந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மாவிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்தால், மூட்டைக்குள் குத்தூசியால் துழாவியதைக் காட்டிலும் நம்பகமான மாதிரி கிடைக்கும்.

பெரிய மில்லுக்கு இது பொருந்தும். ஆனால் 2004இல் இறந்தவர்களை நச்சு வந்தடைந்தது பெரும்பாலும் அவர்கள் தாமே விளைவித்த மக்காச்சோளத்தின் வழியாக. அத்தகைய குடும்பங்களுக்கு அரைத்துத் தருபவை போஷோ மில் எனப்படும் கிராமத்துச் சிறு மில்கள். சில கிலோ தானியத்தோடு வந்து, அரைபடும்வரை காத்திருந்து, மாவோடு வீடு திரும்புவார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்துக்குள் அரைத்த மாவிலிருந்து ஒரு பட்டைச் சோதனையைச் செய்துவிட முடியும். கோடு மறைந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் கடினம். கொண்டுவந்தவருக்கு வீட்டில் வேறு உணவு இல்லை. மாவைப் பறித்தால் அவர் அடுத்தமுறை சோதனை இல்லாத மில்லைத் தேடிப்போவார், மில்காரரும் சோதனையைக் கைவிடுவார். 2004இல் கென்ய அரசு நச்சுள்ள மக்காச்சோளத்தைக் கைப்பற்றி அழித்ததோடு நில்லாமல் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மாற்று உணவும் வழங்கியது. அதே ஏற்பாட்டின் சிறு வடிவம் ஒன்று, அதாவது சோதித்துத் தேர்ந்த மக்காச்சோளம் சில மூட்டை, ஒவ்வொரு போஷோ மில்லிலும் பட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். கோடு மறைந்த மாவைக் கொடுத்தவர் அதே எடைக்கு நல்ல மாவு வாங்கிக்கொண்டு போகலாம். கைப்பற்றிய மாவுக்கு ஒரு பதிவேடும், அதை எரிக்க ஒரு குழியும், தீர்ந்த மாற்று மூட்டையை மாவட்டக் கிடங்கிலிருந்து நிரப்ப ஒரு வண்டியும் அதற்கு வேண்டும்.